இடது கையும் இலகு நிலையும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் வந்த வாரங்களில், திருகோணமலையில் பொழுது சாய்வதற்கு முன்னரே கடைகள் பூட்டப்பட்டுவிடும். ஊரடங்கு இருந்த இரவுகளில் வெளியே போக முடியாது. இல்லாத இரவுகளிலும் போக மனம் வராது. நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதும் நான், நான்கு மணிக்கெல்லாம் உப்புவெளியில் உள்ள வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்போது எனக்குத் திருமணம் ஆகவில்லை. அப்பாவும் யாருடைய உதவியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார். அந்த இரவுகளில்தான் 'செகிரோ' என்ற ஜப்பானிய வீடியோ கேமை ஆடி முடித்தேன். அதை முடித்தவன் என்பதைப் பின்னர் சில ஆண்டுகள் ஒரு பட்டத்தைப் போலச் சொல்லித் திரிந்தேன்.

இந்த வகைக் கேம்களோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். செகிரோவை உருவாக்கியது, 'டார்க் சோல்ஸ்' வரிசையால் உலகெங்கும் பெயர் பெற்ற ஃபுரொம்சொஃப்ட்வெயார் நிறுவனம். இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. அது 2019 மார்ச் 22 அன்று வெளிவந்தது. பெரும்பாலான கேம்களில் தொடக்கத்திலேயே இலகு, நடுத்தரம், கடினம் என்று ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யலாம். செகிரோவில் அந்தத் தெரிவு கிடையாது. எதிரி வாளை வீசும்போது, அந்த வீச்சு நம்மைத் தொடும் கணத்தில் தடுப்புப் பொத்தானை அழுத்தினால், எதிரியின் நிலைதளரும் அளவு கூடும். அது நிரம்பினால் அவரை வீழ்த்தலாம். சற்று முந்தினாலோ பிந்தினாலோ நம் நிலை தளரும். பயத்தில் பொத்தானைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தால் சரியான தடுப்பு அமைவது இன்னும் அரிதாகும். டார்க் சோல்ஸில் எதிரி வலுவாக இருந்தால் வேறு பக்கம் போய் நம் பாத்திரத்தின் பலத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம். செகிரோவில் அந்தக் குறுக்குவழியும் பெரிதாக உதவாது. ஆடுபவரின் விரல் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

கேமில் வரும் அஷினா கோட்டையின் உச்சியில் ஜெனிசிரோ என்ற பொஸ்ஸிடம், அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியிடம், நான் ஒன்பது இரவுகள் தோற்றேன். முதல் மூன்று இரவுகளும் வெறும் கோபத்தில் போயின. நான்காம் இரவில் அவருடைய வீச்சுகளை வாயால் எண்ணத் தொடங்கினேன்; பள்ளிக்கூட நாட்களில் மிருதங்க வகுப்பில் சொற்கட்டு சொல்லிப் பழகியது அப்போதுதான் முதன்முறையாக எனக்குப் பயன்பட்டது என்று நினைக்கிறேன். ஒன்பதாம் இரவில் அவர் விழுந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தின் இன்பத்தை நான் இன்றும் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் பின்னர் வரும் எதையும் அதை மறுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே மாதங்களில், செகிரோவில் இலகு நிலை இருக்க வேண்டுமா என்ற வாதம் உலகெங்கும் நடந்துகொண்டிருந்தது. ஒரு கேம் சஞ்சிகையாளர் இறுதிப் பொஸ்ஸை ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து வென்றதாகவும், அதற்காகத் தான் வருந்தவில்லை என்றும் எழுதப்போய், பெரிய குற்றம் செய்தவரைப் போல ஏளனத்துக்கு ஆளானார். ஏளனம் செய்தவர்களோடு நானும் மனத்தளவில் சேர்ந்து நின்றேன். எல்லோரும் ஒரே கடினத்தைச் சந்தித்தால்தான் எல்லோரும் ஒரே விடயத்தைப் பற்றிக் கதைக்க முடியும், ஒரே மகிழ்ச்சியை அடைய முடியும் என்ற கருத்தை மியாசாகியே ஒரு நேர்காணலில் சொல்லியிருந்தார். அது எனக்கு மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது. துறைமுகத்தில் வேலை செய்யும் என் பள்ளித் தோழனும் அதே வாரங்களில் அதே ஜெனிசிரோவிடம் தோற்றுக்கொண்டிருந்தான். பகல் வேளைகளில் டச் பே கடற்கரையில் சந்தித்தால் நாங்கள் கதைத்தது முழுக்க அந்தச் சண்டையின் மூன்றாம் கட்டத்தில் அவர் வீசும் மின்னலைப் பற்றித்தான். அப்படிப்பட்ட பேச்சு, ஒருவன் இலகு நிலையிலும் மற்றவன் கடின நிலையிலும் ஆடியிருந்தால் வாய்த்திருக்காது.

நான் கவனிக்கத் தவறியது, அந்த ஒன்பது இரவுகள் எனக்கு எங்கிருந்து கிடைத்தன என்பதை. நாடே கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்ததால் அவை கிடைத்தன. நான் திறமை என்று எண்ணியதில் பெரும்பகுதி நேரம்தான் என்று விளங்க எனக்கு மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

2022 பெப்ரவரி 25 அன்று அதே நிறுவனத்தின் 'எல்டன் ரிங்' வெளிவந்தது. அப்போது எனக்குத் திருமணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தாள். அப்பாவுக்குக் கட்டிலிலிருந்து எழும்பவே ஒரு கை தேவைப்பட்டது. கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விலை 60 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்த அந்த வாரத்திலேயே வாங்கிவிட்டதால் ஏறத்தாழ 12,000 ரூபாய் போயிற்று. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே கேம் 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. கேம் வாங்கி நான் இலாபம் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஆனால், வாங்கியதை ஆடுவதற்கு மின்சாரம் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்துக் கொடுத்து, எந்த எழுத்துக்கு எந்த மணியிலிருந்து எந்த மணிவரை மின்வெட்டு என்று அட்டவணை வரும். மார்ச் கடைசியில் அது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. குழந்தை உறங்கி, அப்பா மருந்து குடித்து, மின்சாரமும் இருக்கும் நேரம் என்று பார்த்தால் ஒரு நாளில் நாற்பது நிமிடம் தேறும்.

அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு மிகக் கடினமான எதிரியாக இருந்தது அந்தக் கேமின் முதல் பெரிய பொஸ்ஸான மார்கிட்டோ வேறு எந்த அரக்கனோ அல்ல. எல்டன் ரிங்கில் இடைநிறுத்தப் பொத்தான் இல்லை என்பதே. நாம் ஆடுவதை நிறுத்தினாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா கூப்பிட்டால் ஓடுவேன்; திரும்பி வரும்போது திரையில் நான் இறந்து கிடப்பேன். கடினமான கேம்களைப் பற்றி நடக்கும் வாதங்களில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பொஸ்ஸின் உயிரளவைப் பற்றியே பேசுகிறார்கள். வீட்டில் யாரும் கூப்பிடாதவர்கள் பேசும் பேச்சு அது என்று எனக்கு அப்போது கசப்பாகத் தோன்றியது. கேமின் தெரிவுப் பட்டியலைத் (மெனு) திறந்து, உதவிப் பகுதியில் பட்டியல் விளக்கம் என்பதைத் தெரிவு செய்தால் ஆட்டம் அப்படியே நிற்கும் என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். இது எப்படியோ தப்பி நின்ற ஓட்டை போன்றது. ஆனாலும் வயோதிபர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் ஆடுபவர்கள் எல்லாப் பொஸ்களின் நுட்பங்களுக்கும் முன்னர் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. அதைப் போலவே, யூபிஎஸ் இல்லாத கணினியில் ஆடுபவர்கள் சேமிப்புக் கோப்பை வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். கணினி அந்தக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புப் பழுதாகலாம். எனக்கு ஒரு முறை அப்படி நேர்ந்து, இருபது மணித்தியால ஆட்டம் ஒரு நொடியில் போயிற்று. அதற்குப் பெயர் கடினம் என்றால் அந்தக் கடினத்திலிருந்து நான் எதையும் கற்கவில்லை, பிரதி எடுக்க வேண்டும் என்பதைத் தவிர.

எல்டன் ரிங்கிலும் இலகு, கடினம் என்ற தெரிவு இல்லை. ஆனால் இலகு நிலை ஒளிந்திருக்கிறது. மணியை ஆட்டினால் ஆவிகள் வந்து நம் பக்கம் நின்று சண்டையிடும். ஆடுபவரின் உருவத்தையே எடுத்துக்கொண்டு வரும் ஓர் ஆவியும் அவற்றில் உண்டு. வெளியான புதிதில் அது அளவுக்கு மீறி வலுவாக இருந்ததால் மார்ச் மாதத்திலேயே அதன் தாக்கும் வலுவைக் குறைத்தார்கள். மார்கிட்டிடம் தோற்றால், அவரை விட்டுவிட்டு வேறு திசையில் போய் பலம் கூட்டிக்கொண்டு வரலாம். நான் வெட்கத்தோடு மணியை ஆட்டினேன். தோழனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "மச்சான், நீ பார்த்துக்கொண்டு நிக்க, ஆவிதான் சண்டை பிடிச்சிருக்கு" என்றான். அந்தக் கிண்டல் என்னை உறுத்தியது உண்மை. அதே வேளை, ஆக்கியவர்களே தந்த பொருளை எடுத்துப் பயன்படுத்தினால் அது நேர்மை, பட்டியலில் இலகு நிலை என்ற பெயரோடு தந்திருந்தால் மட்டும் அது ஏமாற்று என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் வேடம்தானே என்றும் முதன்முறையாக யோசித்தேன்.

இலகு நிலைக்குச் சார்பாக என் மனம் சாயத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் எதிர்த் திசையில் ஒரு பாடமும் கிடைத்தது. பாலையூற்றில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாடசாலை விடுமுறையில் வந்து நின்றவனுக்கு என் பழைய லப்டொப்பில் 'செலஸ்ட்' கேமைப் போட்டுக் கொடுத்தேன். 2018 ஜனவரியில் வெளிவந்த அந்தக் கேமில், மடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஒவ்வொரு திரையிலும் முள்ளும் பள்ளமும். விழுந்தால் அதே திரையின் தொடக்கத்திலிருந்து மறுபடி. கடினம் என்றால் கடும் கடினம். ஆனால் அதில் துணை நிலை என்று ஒன்று உண்டு: ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து வீதமாகப் பாதி வரை குறைக்கலாம், மலையைப் பற்றியிருக்கும் வலுவை எல்லையற்றதாக்கலாம், வானில் பாயும் தடவைகளைக் கூட்டலாம், இறக்கவே முடியாதபடியும் செய்யலாம். உருவாக்கும் காலத்தில் அதற்கு ஏமாற்று நிலை என்றுதான் பெயர் வைத்திருந்தார்களாம். வெளியிடுவதற்கு முன்னர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயர் மாற்றம் சிறிய விடயம் என்று தோன்றலாம். 1992இல் வந்த 'வுல்ஃபென்ஸ்டைன்' கேமில் மிக இலகுவான நிலையைத் தெரிவு செய்தால் வீரனின் தலையில் குழந்தைத் தொப்பியும் வாயில் சூப்பானும் வைத்துக் காட்டுவார்கள். 2005இல் வந்த 'நிஞ்சா கைடன் பிளாக்' கேமில் தொடக்கத்திலேயே பலமுறை இறந்தவனுக்கு இலகு நிலையைத் தந்துவிட்டு, அடையாளமாக ஒரு ரிப்பனையும் அணிவித்து, அந்த நிலைக்கு நிஞ்சா நாய் என்று பெயரும் சூட்டினார்கள். உதவி கேட்டவனை அவமதித்து அனுப்பும் அந்தப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் செலஸ்டின் பெயர் மாற்றம் பெரிதுதான்.

மருமகன் முதல் நாளே திணறினான். அவன் அழுகிற நிலைக்கு வந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், நான் இறவாத நிலையைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். முள்ளில் விழுந்தாலும் சாகாது. பள்ளத்தில் விழுந்தாலும் மேலே தூக்கிவிடும். இரண்டு பின்னேரங்களில் மலையுச்சியைத் தொட்டுவிட்டான். "மாமா, முடிஞ்சுது" என்று சொல்லி லப்டொப்பை மூடி வைத்தான். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "இருந்துது" என்றான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் செய்தது பிழை என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு வலித்த இடம் எது என்று பார்க்காமலேயே நான் முழு உடம்புக்கும் மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன்.

சில மாதங்களின் பின்னர், வகுப்பில் யாரோ அந்தக் கேமைப் பற்றிக் கதைத்ததால், தானாகவே வந்து மறுபடி தொடங்கலாமா என்று கேட்டான். இம்முறை பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். அவனுக்குப் பயமும் இல்லை, பொறுமையின்மையும் இல்லை; குதிப்பது, பாய்வது, பற்றிப் பிடிப்பது என்று மூன்று பொத்தான்களும் கீபோர்டில் ஒரே மூலையில் நெருக்கமாக இருந்ததால் அவனுடைய சின்ன விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. மெயின் வீதியில் ஒரு மலிவான கொன்ட்ரோலரை வாங்கிக் கொடுத்தேன். வேகத்தை 80 வீதமாகக் குறைத்தேன், வேறெதையும் தொடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வரும் பழைய ஹோட்டலில் ஒரு வாரம் நின்றான். நான்காம் அத்தியாயத்தின் காற்றில் இன்னும் அதிக நாட்கள். முடிக்கும்போது தான் இறந்த எண்ணிக்கையை, அது 1,900ஐத் தாண்டியிருந்தது, தொலைபேசியில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். அக்கா அதை ஏதோ நோயின் அறிகுறி என்று எண்ணி எனக்கு அழைப்பெடுத்துத் திட்டினாள் என்பது வேறு கதை.

ஆகவே பிள்ளைகளுக்கோ புதியவர்களுக்கோ உதவ நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: எந்த நிலையையும் மாற்றுவதற்கு முன்னர் அரை மணித்தியாலம் பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். பொத்தான் எட்டவில்லையா, எழுத்து வாசிக்கச் சிறிதாக இருக்கிறதா, எதிரியின் அசைவு கண்ணுக்குப் பிடிபடவில்லையா, அல்லது இறந்த பின்னர் மறுபடி நடக்க வேண்டிய தூரம்தான் சலிப்பூட்டுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தொடக்கத் திரையில் இலகுவா கடினமா என்று கேட்கும் அந்த ஒற்றைக் கேள்வி, நோயாளி வாசலில் நிற்கும்போதே மருந்தை எழுதச் சொல்வது போன்றது. ஆடிப் பார்க்காதவனுக்கு எந்த இடம் தனக்குக் கடினமாக இருக்கும் என்று எப்படித் தெரியும்? 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உதவி அமைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்ததன் அருமை எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

என் கதைக்கு வருகிறேன். 2022 டிசம்பரில், மாரி மழைக்குள் நிலாவெளி வீதியால் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது குறுக்கே படுத்திருந்த மாட்டைத் தவிர்க்கப்போய் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். பிளாஸ்டரை வெட்டியபோது கை என்னுடையதாகவே இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சொன்னதைக் கேட்டன, ஆனால் தபாலில் கடிதம் போய்ச் சேர்வது போலப் பிந்திக் கேட்டன. பேனை பிடிப்பது வலது கை என்பதால் கடை வேலை தப்பியது. விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று செகிரோவை மறுபடி நிறுவினேன்.

செகிரோவைக் கொன்ட்ரோலரில் ஆடினால் தாக்குவது வலது சுட்டுவிரல், தடுப்பது இடது சுட்டுவிரல்; அதாவது அந்தக் கேமின் உயிரே இடது கையில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பது இரவுகளில் வென்ற அதே ஜெனிசிரோவின் முன்னால் மூன்று வாரம் நின்றேன். அவருடைய வீச்சுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். வாயால் சொற்கட்டும் சொன்னேன். மனம் சரியான கணத்தில் சொல்லியது, விரல் பிந்தியது. பழகப் பழகக் கைவரும் என்பது அந்தக் கேமின் அடிப்படை ஒப்பந்தம். என் பக்கத்தில் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற நரம்பு இடங்கொடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கதையே வேறு மாதிரி தெரிந்தது. செகிரோ என்ற பெயருக்கு ஒற்றைக்கை ஓநாய் என்று பொருள். கதையின் தொடக்கத்தில் இதே ஜெனிசிரோதான் வீரனின் இடது கையைத் துண்டிக்கிறார். பாழடைந்த கோயிலில் இருக்கும் ஒரு கிழவர் அவனுக்குச் செயற்கைக் கை பொருத்திவிடுகிறார். அதிலிருந்து பட்டாசு கொளுத்திப் போட்டு எதிரியைத் திகைக்க வைக்கலாம். இறந்தால் ஒரு முறை உயிர்த்தெழலாம். கோயில் முற்றத்தில் சாக வரம் இல்லாத ஒருவர் நின்று, நாம் பழகுவதற்காகவே எத்தனை முறையும் அடிவாங்குகிறார். கை இழந்தவனுக்கு முதல் மணித்தியாலத்திலேயே கை கொடுக்கும் ஒரு கதையை ஆடிவிட்டு, ஆடுபவனுக்கு மட்டும் எந்தக் கையும் கொடுக்கக் கூடாது என்று நான் வாதாடித் திரிந்திருக்கிறேன்.

முதலில் பொத்தான்களை மாற்றினேன். தடுப்பை வலது கையின் நடுவிரலுக்குக் கொண்டுவந்து, செயற்கைக் கையின் கருவியை இடது சுட்டுவிரலுக்கு அனுப்பினேன். இதற்கு வேறு மென்பொருள் எதுவும் தேவையில்லை; கேமின் அமைப்புகளிலேயே செய்யலாம். பழைய பழக்கம் கலைய ஒரு வாரம் எடுத்தது, ஆனால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. பிறகு, 2019இல் நான் ஏளனம் செய்த அதே காரியத்தைச் செய்தேன்: ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் ஒரு சிறு மென்பொருளை நிறுவினேன். செகிரோவில் மற்றவர்களோடு இணைந்து ஆடும் பகுதி கிடையாது என்பதால் இதனால் வேறு யாருடைய ஆட்டமும் கெடாது. எல்டன் ரிங் போல இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் கேம்களில் இதைச் செய்யக் கூடாது. அங்கே அது உண்மையிலேயே ஏமாற்று, கணக்கும் தடை செய்யப்படலாம். இப்படிப்பட்ட மென்பொருளை எடுப்பவர்கள் பலராலும் பயன்படுத்தப்பட்டதையே எடுக்க வேண்டும். முதலில் சேமிப்புக் கோப்பைப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

70 வீதத்தில் ஆடிப் பார்த்தேன். தேனுக்குள் நடப்பது போல இருந்தது, வாளோசையே பொய்யாகத் தோன்றியது. 90 வீதத்தில் விரல் மறுபடி பிந்தியது. 85இல் நின்றுகொண்டேன். அந்த வேகத்தில் ஜெனிசிரோ இலகுவாகிவிடவில்லை. பதினான்கு முறை என்னைக் கொன்றார். ஆனால் அந்தப் பதினான்கு தோல்வியும் என் பிழையால் வந்தவை: பேராசைப்பட்டு ஒரு வீச்சு அதிகமாக வீசியது, பின்வாங்க வேண்டிய இடத்தில் முன்னேறியது. 2019இல் தோற்றபோது எப்படித் தோற்றேனோ அப்படியே தோற்றேன். பதினைந்தாம் முறை அவர் விழுந்தபோது கை நடுங்கியது. பழைய அதே நடுக்கம். எல்லோருக்கும் ஒரே அனுபவம் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஆக்கியவரின் விருப்பம் என்றால், எனக்கு அந்த அனுபவத்தை மறுபடி தந்தது அவர் தர மறுத்த அந்தப் பதினைந்து வீதம்தான்.

இதையெல்லாம் கடற்கரையில் வைத்துத் தோழனிடம் சொன்னேன். அவன் இலேசில் விடுகிறவன் அல்ல. கோணேசர் கோயிலை உதாரணம் காட்டினேன்: கோட்டை வாசலிலிருந்து சுவாமி மலைக்கு நடந்து ஏறுகிறவர்களும் உண்டு, என் அம்மாவைப் போல முழங்கால் ஏலாதவர்கள் ஓட்டோவில் போய் இறங்குவதும் உண்டு, சாமி இரண்டு பேருக்கும் ஒரே சாமிதானே என்றேன். நல்ல உதாரணம் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "கோயிலுக்குப் போறது சாமி கும்பிட. கேமில ஏறுறதுதானே மச்சான் கும்பிடுறது" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. மருமகனை நான் ஓட்டோவில் ஏற்றி உச்சியில் இறக்கிவிட்டதும், அவன் கும்பிடாமலே திரும்பி வந்ததும் நினைவுக்கு வந்தன. எனக்குத் தேவைப்பட்டது ஓட்டோ அல்ல, படியோரத்தில் பிடித்து ஏற ஒரு கம்பி என்று சொல்லி என் உதாரணத்தைத் திருத்திக்கொண்டேன். அதை மட்டும் அவன் ஏற்றுக்கொண்டான்.

இன்னொரு கேள்வியும் கேட்டான், அதற்கு என்னிடம் இன்றுவரை முழுப் பதில் இல்லை. "அந்த வேகக் குறைப்பு 2019இலேயே பட்டியலில் இருந்திருந்தால், மூன்றாம் இரவிலேயே நீ அதை அழுத்தியிருக்க மாட்டாயா?" அழுத்தியிருப்பேன். நான்காம் இரவின் சொற்கட்டு எனக்குக் கிடைத்திருக்காது. இலகு நிலை வேண்டும் என்பவர்கள், வேண்டாதவன் அதைத் தொடாமல் விட்டால் போயிற்று என்று சொல்வதுண்டு; சலிப்பின் உச்சியில் இருக்கும் மனிதனின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருந்தால் அது எவ்வளவு இழுக்கும் என்பதை அவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இதற்கு ஆக்குபவர்கள் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது 2020இல் வந்த 'ஹேடிஸ்' கேமில் உள்ளது. அதன் உதவி நிலையைப் போட்டால் நம்மீது விழும் அடி முதலில் 20 வீதம் மட்டுமே குறையும்; ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இன்னும் 2 வீதம் சேரும்; 80 வீதத்துக்கு மேல் போகாது. இறந்தவனுக்கு இறந்த அளவுக்கு மட்டும் உதவி. பிடிக்காதது 2017இல் வந்த 'கப்ஹெட்' செய்தது: எளிய நிலையில் பொஸ்களை வெல்லலாம், ஆனால் அப்படி வென்றால் ஆன்மா ஒப்பந்தங்கள் கிடைக்காது, அவை இல்லாமல் இறுதிக்குப் போக முடியாது. வீட்டுக்குள் அழைத்து, பாயையும் விரித்துவிட்டு, சாப்பாடு இல்லை என்று சொல்வது போன்ற உபசாரம் அது.

ஆக்கியவரின் நோக்கத்தை யாரும் தொடக் கூடாது என்ற வாதத்தையும் நான் இப்போது முன்போல எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் ஆக்கியவர்களே அதைத் தொடுகிறார்கள். 2024 ஜூனில் எல்டன் ரிங்கின் விரிவாக்கம் வெளிவந்த சில நாட்களிலேயே, அங்கே ஆடுபவர்களுக்குப் பலம் தரும் அமைப்பின் தொடக்கப் படிகளை வலுப்படுத்தினார்கள். 2025 செப்டம்பர் 4 அன்று வந்த 'சில்க்சோங்' கேமிலும் தொடக்கத்து பொஸ்கள் சிலவற்றின் கடினத்தைச் சில நாட்களுக்குள் குறைத்தார்கள். எல்லோருக்குமாக ஒரேயடியாகக் குறைப்பது நேர்மை என்றால், தேவைப்பட்டவன் தனக்கு மட்டும் குறைத்துக்கொள்வதில் என்ன குறை என்று தோழனிடம் கேட்டேன். அவன் கச்சான் கோதை உடைத்துக்கொண்டே, யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். இன்னும் சொல்லவில்லை.

எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் மூன்று மாலை தோற்கும் வரை எதையும் மாற்றுவதில்லை. மூன்றாம் மாலைக்குப் பிறகு, நான் ஏன் இறக்கிறேன் என்று எனக்கே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். காரணத்தைச் சொல்ல முடிந்தால் மேலும் பழகுவேன். காரணம் தெரிந்தும் கை கேட்கவில்லை என்றால் வேகத்தில் ஐந்து வீதம் குறைப்பேன். காரணமே சொல்ல முடியாத அளவுக்குக் களைப்பாக இருந்தால் கணினியை அணைத்துவிட்டு உறங்கப் போவேன். மூன்றில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மகளுக்கு இப்போது பாடசாலை தொடங்கிவிட்டது, விடியற்காலையில் எழும்ப வேண்டியிருக்கிறது.

விரல்கள் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்துவிட்டன. மாரியில் மட்டும் மணிக்கட்டு விறைக்கும். அந்த மாதங்களில் 90, வெயில் காலத்தில் 100. சென்ற கிழமை இரவு இறுதிப் பொஸ்ஸான இஷினோடு மோதிக்கொண்டிருந்தேன். வெளியே மழை, வேகம் 90, இஷின் ஈட்டியைக் கையில் எடுத்துவிட்டார், என்னிடம் மருந்து ஒரு மிடறுதான் மீதி. உள்ளே அப்பா "தம்பி" என்று கூப்பிட்டார். செகிரோவில் இடைநிறுத்தம் உண்டு. பொத்தானை அழுத்தி ஈட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.